ஆமாம் என்றாலும் ஏற்காத கேள்வி

அண்ணா, கையெழுத்து என்னுடையது, பேச்சு அப்பாவுடையது. அவர் சொல்வதில் எதையும் கூட்டப்போவதில்லை, குறைக்கப்போவதில்லை; எழுத எனக்கே சங்கடமாக இருப்பதையும் விடாமல் உள்ளபடி எழுதப்போகிறேன். அப்பா பேசுவதைப் பள்ளிக் கட்டுரைபோல் எழுத்துத் தமிழில் மாற்றிக்கொள்கிறேன். யாராவது பேசியதை அவர் திரும்பச் சொன்னால் மட்டும் பேசியபடியே விடுகிறேன். கீழே 'நான்' என்று வருவதெல்லாம் அப்பா. எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். நாங்கள் கிள்ளானில் மருத்துவமனையின் கண் வார்டில் இருக்கிறோம். அப்பாவின் இடது கண்ணில் பார்வை போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லிவிட்டேன். வலது கண்ணுக்கு நாளைக் காலையில் லேசர். சர்க்கரை நோயால் வந்தது. அம்மா கீழே காண்டீனுக்குப் போயிருக்கிறார். இன்று செவ்வாய்க்கிழமை மாலை. இனி அப்பா.

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை பூச்சோங்குக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். நீ வேலை செய்யும் தொழிற்சாலையில் உன்னை டெக்னீஷியன் படிப்புக்கு அனுப்ப சூப்பர்வைசர் பெயர் கொடுத்திருக்கிறார் என்றும், சம்பளத்தோடு இரண்டு வருடப் படிப்பு என்றும், விண்ணப்பப் பாரம் உன் அறையில் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஹெல்மெட்டுக்கு அடியில் கிடக்கிறது என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டுமாம். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் நீ சொன்னதையும் அப்படியே சொன்னாள். "எனக்கும் பாரத்துக்கும் ராசி இல்ல லா. எதையாவது விட்டுருவேன். நான் அப்படித்தான், வீட்ல கேளு." வீட்டில் கேட்கச் சொல்லியிருக்கிறாய். இந்த விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். நீ தங்கியிருக்கும் இடத்துக்குக் கீழே உள்ள கடைக்கு மூன்று முறை ஃபோன் செய்யச் சொன்னேன். அப்பா என்று தெரிந்தால் நீ இறங்கி வருவதில்லை. வந்திருந்தாலும் ஃபோனில் என்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது. அதனால் எழுதச் சொல்கிறேன். இதில் ஒரு படி பத்திரிகைக்கும் போகட்டும் என்று உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் பின்னால் வரும். அதனால்தான் உன் பெயரையும் என் பெயரையும் போட வேண்டாம் என்றேன்.

நீ சிறுவனாக இருந்தபோது நான் ஷா ஆலமில் ஸ்டோர் கிளார்க். தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, யாருக்காவது தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. நான் கையைத் தூக்கினேன், தெரியும் என்று அல்ல, படித்துக்கொள்கிறேன் என்று. அதன் பிறகு ஒரு வருடம், வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறுவேன். மளிகைக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ஆறு கம்ப்யூட்டருக்குப் பதினெட்டுப் பேர். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி ஆடும், ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு அது போய் முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அவர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். "மனுசன் தப்பாத்தான் தட்டுவான். நீ நம்பாத. சரியான பதில் வர்ற வரைக்கும் திரும்பக் கேளு." அப்படித் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கும் கட்டளைக்கு லூப் என்று பெயர். கேள்வி கேள், பதிலைப் பார், சரியில்லை என்றால் மறுபடியும் அதே கேள்வி. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. யாரும் தப்பு செய்துவிட முடியாத ஓர் உலகத்தை நானே கட்டலாம் என்று தோன்றியது.

அதை நான் உன்மேலும் போட்டுப் பார்த்தேன். கேஸ் மூடினாயா, கதவைப் பூட்டினாயா, பையில் ஐ.சி. அடையாள அட்டை இருக்கிறதா. நீ ஆமாம் என்பாய். நிச்சயமா என்பேன். ஒரு நாள் பள்ளி பஸ் வந்து நின்றுவிட்டது. கேஸை மூடினாயா என்று மூன்றாவது முறை கேட்டேன். நீ பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாய். மூடித்தான் இருந்தது. அன்று உன்னைப் பள்ளிக்கு நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன், பொறுப்பான பிள்ளையை வளர்க்கிறேன் என்ற நினைப்போடு. (அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிள் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.)

என் கம்ப்யூட்டர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியது நீதான். நண்பர்கள் வந்தால் "எங்கப்பா புரோகிராம் எழுதுவாரு" என்பாய். நான் காது கேளாதவன்போல் பேப்பர் படிப்பேன். நீ பள்ளியில் கடைசி எஸ்.பி.எம். பரீட்சை முடித்த வருடம், கிள்ளானில் நம்மவர்கள் நடத்திய ஒரு சங்கத்தில், தொழிற்கல்விக்கு முப்பது பிள்ளைகளை அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். முந்நூறுக்கு மேல் பாரம் வந்து குவிந்தது. சங்கம் இப்போது இல்லை, நல்ல மனிதர்கள் நடத்தியது, அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பட்டியல் எடுக்க ஆள் தேடினார்கள். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன். உன் பாரமும் அதில் இருந்தது. மகனின் பாரம் இருக்கும்போது அப்பா இதில் இறங்கலாமா என்று செயலாளர் கேட்டார். "நான் யாரையும் தேர்ந்தெடுக்கலியே சார், எண்ணித்தானே கொடுக்கிறேன்" என்றேன்.

புரோகிராம் சின்னதுதான். பெயர், ஐ.சி. எண், பாடங்களின் புள்ளி. கடைசியில் ஒரு கேள்வி: தேவையான பத்திரங்கள் முழுமையாக இருக்கின்றனவா? மலாயில் யா என்றால் Y, தீடாக் என்றால் T. ஆம், இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் தவிர வேறு எதைத் தட்டினாலும் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு லூப் எழுதினேன். பதில் Y இல்லை, அல்லது பதில் T இல்லை என்றால் திரும்பக் கேள். எழுதியதும் ஆங்கிலத்தில் ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். காதுக்குச் சரியாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்கவில்லை. மனிதர்கள் தட்டுவதைத்தானே நம்பக் கூடாது, நான் எழுதியதை நான் ஏன் நம்பக் கூடாது?

மறுநாள் காலை பட்டியல் போக வேண்டும். முந்தின நாள் மாலை துணிக்கடைக்கு மேலே உள்ள சங்க அறையில் உட்கார்ந்தோம். தட்டச்சு செய்யக் கல்யாணி என்று ஒரு பெண் வந்திருந்தார், அலுவலகத்தில் டைப்பிஸ்ட், இங்கே சேவைக்காக. (கல்யாணி என்பது உண்மைப் பெயர் இல்லை. அப்பா மாற்றச் சொன்னார். இந்தக் கடிதத்தில் உண்மையில்லாதது அது ஒன்றுதான்.) உன் பாரத்தை நானே அடுக்கிலிருந்து உருவி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். முதல் பாரம் நன்றாக ஏறுகிறதா என்று பார்க்க, நமக்குத் தெரிந்த பாரமாக இருக்கட்டுமே என்றேன். கல்யாணி உன் பெயரைத் தட்டினார், எண்களைத் தட்டினார், பாரத்தைப் புரட்டி, பின் போட்ட காகிதங்களை, ரிசல்ட் காப்பி, சூரா பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். Y தட்டினார். திரை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. மறுபடியும் Y. மறுபடியும் கேள்வி. T தட்டிப் பார்க்கச் சொன்னேன். அதற்கும் கேள்விதான். பத்து முறை, இருபது முறை. கல்யாணி சிரித்துக்கொண்டே, "அங்கிள், இது எங்க மாமியார் மாதிரி இருக்கே. ஆமான்னாலும் ஒத்துக்க மாட்டேங்குது, இல்லன்னாலும் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். செயலாளரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணி உன் பாரத்தைத் தூக்கிக் காட்டி, "உங்க மகன் பாரம் முழுசா இருக்கு அங்கிள். இன்னும் எத்தன தடவ ஆமாம்னு சொல்றது?" என்றார்.

இந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன், ஐயா. நீ இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

எங்கே பிசகு என்று எனக்குப் புரியவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பமாக இருக்குமோ என்று, கல்யாணியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பெரிய எழுத்துக்கான பொத்தானை அணைத்துவிட்டுச் சின்ன y தட்டினேன். ஒன்றும் மாறவில்லை. செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை, அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நிமிடம் கொடுங்கள் என்று அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, லூப்பையே தூக்கி எறிந்தேன். இனி கேள்வியை ஒரே முறை கேட்கும், என்ன தட்டினாலும் வாங்கிக்கொள்ளும். பட்டியல் எடுக்கும் இடத்தில் மட்டும், பெரிய Y இருந்தால் முழுமை, மற்றதெல்லாம் முழுமையில்லை என்று முன்பே எழுதியிருந்தது. அதை நான் தொடவில்லை. அணைத்த பொத்தானையும் மறுபடி போடவில்லை. அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், வேலை ஓடியது. நாற்பது பாரம் போனதும் கல்யாணி, "பேரெல்லாம் சின்ன எழுத்துல வருது அங்கிள்" என்று தானே பொத்தானைப் போட்டுக்கொண்டார். முதலிலிருந்து மாற்றட்டுமா என்று கேட்டார். "பரவால்ல லா, படிக்க முடிஞ்சா போதும்" என்றேன். அந்த நாற்பதுக்கும் பதில் சின்ன y-யாகவே நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பெரிய Y வேறு, சின்ன y வேறு. உன் பாரத்தை அது கிடந்த இடத்திலேயே விட்டிருந்தால் பெரிய எழுத்தில் ஏறியிருக்கும். நான்தான் எடுத்து மேலே வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து உனக்குக் கடிதம் வந்தது. தங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் பரிசீலிக்கப்படவில்லை. நான்தான் பிரித்தேன். பிரித்ததும் கல்யாணி பாரத்தைத் தூக்கிக் காட்டியது என் கண்முன் வந்தது. வந்ததா என்று உன் தங்கை இப்போது கேட்கிறாள். வந்தது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்தினால், புரோகிராம் தப்பு என்றாகிவிடும். ஹாலில் கண்ணாடிக்குள் தொங்குவது தப்பு என்றாகிவிடும். அதனால் உன்னைக் கூப்பிட்டேன்.

"ரிசல்ட் காப்பி வெச்சியா?"

"வெச்சேன்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வெச்சேன்பா. சூரா பெரானாக்கும் வெச்சேன். ரெண்டு தடவ பார்த்தேன்."

"அப்புறம் எப்படிடா முழுசா இல்லன்னு வரும்? கம்ப்யூட்டர் சும்மா சொல்லுமா?"

நீ வைத்தேன் என்றாய். நான் மறுபடியும் கேட்டேன். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. நீ ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னாய், நான் ஒவ்வொரு முறையும் அதை ஏற்கவில்லை. கடைசியில் நீ, "தெரியலப்பா. விட்டிருப்பேன்" என்றாய். உடனே நான் கேட்பதை நிறுத்தினேன். அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதே எனக்குத் தெரியும். (நான் அப்போது பள்ளியில் நான்காம் ஆண்டு. மேசைக்கு அடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணா, சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள், கடைசியில் அது கையோடு வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அம்மா சமையலறை வாசல்வரை வந்து, திரும்பிப் போனார்.) அன்றைக்கு நான் சொன்னதை எல்லாம் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றை எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைத்தான் ஆறு வருடமாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "ஒரு பாரத்த ஒழுங்கா நிரப்பத் தெரியாதவன் எதுக்குடா ஆவ?"

அதற்கு அடுத்த மாதம் சங்க அறையில் கம்ப்யூட்டரை இடம் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அலமாரியில் பாரங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. முழுமையில்லாதவை என்ற கட்டில் உன்னுடையது மேலேயே இருந்தது. ரிசல்ட் காப்பி இருந்தது. சூரா பெரானாக் இருந்தது. மூலையில் கல்யாணி பென்சிலால் போட்ட சரி அடையாளமும் இருந்தது. மற்றவற்றையும் புரட்டினேன். நாற்பதிலும் அதே அடையாளம். பட்டியலின் அச்சுத்தாளை எடுத்துப் பார்த்தேன், சின்ன y வரிசையாக நின்றது. செயலாளர் அடுத்த அறையில்தான் இருந்தார், யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். படிப்பு தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அப்போது சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பார்களா, ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால்தானே தெரியும். அவர் ஃபோனை வைக்கும்வரை நின்றேன். வைத்துவிட்டு வந்து, "என்ன சார், கனமா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கட்டை உள்ளே வைத்தேன். அச்சுத்தாளை மட்டும் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அதே மாதம் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பழைய ஸ்டோருக்கே மாற்றல் கேட்டேன். உன் அம்மாவிடம் திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்றேன். அப்போது அது பொய். நீ லோரி கிளீனராகப் போனாய், பிறகு கிடங்கில் மூட்டை தூக்கினாய், பிறகு பூச்சோங்குக்குப் போனாய். ஒவ்வொரு வேலைக்குப் போகும்போதும் பாரம் இல்லாத வேலையாகப் பார்த்துப் போகிறாய் என்பது எனக்குப் புரிந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் என்னோடு பேச உனக்கு ஒன்றும் இருப்பதில்லை. நான் உன்னைப் பார்த்ததும் ஏதாவது கேட்பேன். டயரில் காத்து இருக்கா, இ.பி.எஃப். கட்டுறாங்களா. நீ ஆமாம் என்பாய். நிச்சயமா என்று என் வாய் தானாகக் கேட்கும். நீ எழுந்து வெளியே போய்விடுவாய். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை உன்னோடு வந்திருக்கிறேன். பஸ் வரும், நீ ஏறுவாய்.

இது எப்படி வெளியே வந்தது என்றும் சொல்ல வேண்டும். வீட்டில் நான் வைத்திருந்த பழைய அச்சுத்தாள்களின் பின்பக்கத்தில்தான் உன் தங்கை கணக்குப் போடுவாள். சுருட்டி வைத்ததும் என் புரோகிராம் தாளும் அதில் கலந்துவிட்டன. இவளுக்கு எழுத்து எங்கே இருந்தாலும் படித்தாக வேண்டும், முன்பக்கத்தையும் படித்திருக்கிறாள். போன மாதம் ஒரு நாள், என் கண் தெளிவாக இல்லாததால் வாய்விட்டு வாசித்துக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். திரும்பக் கேட்பதற்கான லூப் என்றேன். அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். பிறகு, "இது தப்புப்பா. இதுல 'அல்லது' வரக் கூடாது. 'உம்' வரணும்" என்றாள். (தமிழ் வகுப்பில் எண்ணும்மை படித்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் தோன்றியது. Y-யும் இல்லை, T-யும் இல்லை என்றால் திரும்பக் கேள் என்பதுதான் சரி. 'Y இல்லை, அல்லது T இல்லை' என்றால், ஒருவர் Y தட்டும்போது அது T இல்லை. T தட்டும்போது அது Y இல்லை. இரண்டில் ஒன்று எப்போதுமே உண்மையாகிவிடும். எந்தப் பதிலும் இரண்டு எழுத்தாகவும் இருக்க முடியாதே. அதனால் அந்தக் கேள்வியிலிருந்து யாராலும் வெளியே வர முடியாது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இதை எல்லாம் அப்பாவிடம் வேகமாகச் சொன்னேன். அப்பா அழுவதைப் பாதியில்தான் பார்த்தேன்.)

ஆறு வருடம் எனக்கு அது தெரியவில்லை, ஐயா. பிரிக்பீல்ட்ஸில் ஆங்கிலத்தில் படித்தேன், ஆங்கிலத்தில் யோசித்து எழுதினேன். வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருந்தால், Y-யும் இல்ல, T-யும் இல்லன்னா என்றுதான் வாயில் வந்திருக்கும். நம்மில் சின்னப் பிள்ளைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. சோறும் வேணாம், ரொட்டியும் வேணாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை உண்டா? ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. லூப் தப்பாகப் போனது தெரியாமல் நடந்தது. அது யாருக்கும் வரும். பிறகு உன்னை நிற்க வைத்துக் கேட்டேனே, அது தெரிந்து நடந்தது. அதைத் தமிழில்தான் கேட்டேன்.

உன் தங்கைக்கு அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மாவுக்கு நேற்றுதான் சொன்னேன், இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "நம்ம பிள்ளைய விடுங்க, அவனுக்கு எழுதிப் போடலாம். மத்த முப்பத்தொம்போது பிள்ளைங்களுக்கு யார் எழுதிப் போடுறது?" என்றாள். அவர்கள் பெயரில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பெயர்கள் இருந்த அச்சுத்தாளின் பின்பக்கத்தில் இவள் ஆண்டுக் கணக்கில் கணக்குப் போட்டு, அந்தத் தாள்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. அதனால்தான் பத்திரிகைக்கு ஒரு படி. அந்த வருடம் கிள்ளானில் அப்படி ஒரு கடிதம் பெற்ற பிள்ளை யாராவது இதைப் படித்தால், தம்பி, அம்மா, உங்கள் பாரம் முழுமையாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது உங்களைத் திட்டியிருந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள். இதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகனே, அப்பாக்கள் கடிதம் எழுதினால் கடைசியில் புத்தி சொல்வார்கள். நீ அந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவும் தொடங்கினேன். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்லி நீ நிரப்பினால் அதுவும் நான் கேட்டு வாங்கிய பதிலாகிவிடும். இந்தக் கடிதம் நாளைத் தபாலில் போனால் வியாழனில் வரலாம், வெள்ளி மாலையில் வரலாம், திங்களன்றும் வரலாம். இவளுக்கு நாளையிலிருந்து வெள்ளிவரை பரீட்சை, கொண்டுவந்து கொடுக்க முடியாது. அம்மாவால் என்னை விட்டு வர முடியாது. என் கண் இருக்கிற நிலையில் கிள்ளான் பஸ் நிலையத்தில் எந்த பஸ் பூச்சோங்குக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். பதினெட்டு வயதில் நீ ஒரு பாரம் நிரப்பினாய். அதில் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்தேன். நீ அதை நிரப்பினாயா என்று ஃபோன் செய்து கேட்க மாட்டேன், தீபாவளிக்கு வந்தாலும் கேட்க மாட்டேன். இவளையும் கேட்டு வரச் சொல்ல மாட்டேன்.

(அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தேன். இரண்டு எழுத்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இனி அடைப்புக்குறி வேண்டியதில்லை.)

அண்ணா, பேனாவை மூடப் போனேன். அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நிரப்புவானா?" என்று கேட்டார். தெரியலப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நிரப்புவானா, சொல்லு" என்றார். நிரப்புவாருப்பா என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அம்மா வந்து ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, என்ன என்று கண்ணால் கேட்டார். அப்பா அம்மாவிடமும் அதையே கேட்டார். அம்மா, நிரப்புவான், பேசாம படுங்க என்றார். அப்பா படுத்தார். பிறகு மறுபடியும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எதைச் சொன்னால் நிறுத்துவார் என்று எனக்குத் தெரியவில்லை. தாதி வந்து, லேசருக்கான சொட்டு மருந்தை அப்பாவின் வலது கண்ணில் விட்டார். வெளிச்சம் கூசும் என்று சொல்லி, எங்கள் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார்.